பாத்திக்கு ஒரு கூடு

செட்டிநாட்டுப் பழைய வீடொன்றின் முகப்பையும் பட்டாலையையும் கடந்து உள்ளே செல்வோமானால், வானம் பார்த்த வளவுக்கு வந்து சேர்வோம். அங்கே நின்று அண்ணாந்து நோக்கினால், பல வீடுகளில் அந்தத் திறந்த வெளியின் மேல் இரும்புக் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருப்பதைக் காணலாம். வெயில் அதன் வழியே இறங்குகிறது. மழையும் இறங்கி, கீழே வைத்திருக்கும் அண்டாக்களை நிரப்புகிறது. குரங்கு இறங்குவதில்லை, கள்வனும் இறங்குவதில்லை. வீடு கட்டிய முன்னோர், உள்ளே வரவேண்டியவை எவை, வெளியே நிற்கவேண்டியவை எவை என்பதை முதலில் எண்ணிப் பார்த்து, அதன் பின்னரே கம்பியின் இடைவெளியைத் தீர்மானித்தார்கள்.

இந்தக் கம்பிவலையை நான் சிறு வயது முதல் பார்த்து வந்திருக்கிறேன். ஆயினும், கொல்லையிலுள்ள கத்தரிப் பாத்திக்கும் இதே போன்றதொரு காவல் வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் தோன்றவில்லை. தோன்றிய விதத்தையும், பின்னர் இரும்புக் குழாய்களைக் கொண்டு பாத்திகளுக்குக் கூடு அமைத்த முறையையும் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

காரைக்குடி வட்டாரத்தில் காய்கறி விளைவிப்பது எளிதன்று. செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கலந்த தரை. கோடையில் கடப்பாரையும் திரும்பி வரும். மழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மிகுதியாகப் பெய்து ஓய்ந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் எருவாலும் உழைப்பாலும் ஒருவாறு சரிசெய்துகொள்ளலாம். ஆனால், நீரூற்றி வளர்த்த செடி பூத்துக் காய்க்கும் வேளையில் வரும் விருந்தினர்களை என்ன செய்வது? ஆடு வேலி தாண்டுகிறது. அணில் பிஞ்சைக் கடித்துப் பாதியில் விட்டுச் செல்கிறது. குரங்கு தின்பது கால், பறித்து எறிவது முக்கால். இவை யாவற்றுக்கும் மேலாக, விடியற்காலையில் மயில் வருகிறது. கீரைப் பாத்தியில் முளைவிட்ட இளந்தளிரைக் கொத்தும், தக்காளியைக் குத்தும், ஈர மண்ணைக் காலால் கிளறிப் புழுவைத் தேடும். நாற்றுப் பாத்தி ஒன்றை அழிக்க அதற்கு அரை மணி நேரம் போதும்.

மயிலை என்ன செய்துவிட முடியும்? காரைக்குடிக்கு அருகிலுள்ள குன்றக்குடியை நேயர்கள் அறிவார்கள். அங்கே மலையே மயிலின் வடிவம். சாபத்தால் மயில்தான் மலையாயிற்று என்பது தலபுராணச் செய்தி. மலைமேல் சண்முகநாதர் மயிலின்மீது அமர்ந்திருக்கிறார். 1963-ஆம் ஆண்டில் மயில் நம் நாட்டின் தேசியப் பறவையாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பை அளித்திருக்கிறது. பக்தியும் சட்டமும் ஒரே பக்கம் நிற்கின்றன. ஆனால் கத்தரிச் செடியை இழந்தவனின் கோபம் மறுபக்கம் நிற்கிறது. நெல்லில் நஞ்சைக் கலந்து வைத்துவிடலாம் என்று எனக்கு ஒருவர் யோசனை சொன்னதும் உண்டு. சினத்தில் சொன்னார். அந்தச் சினம் எனக்கும் அந்நியமானதன்று. ஆகவே அவரைக் குறைகூற எனக்கு வாயெழவில்லை.

நஞ்சு வைக்க மனமில்லாத நான், கடையில் கிடைத்த மெல்லிய நைலான் வலையை வாங்கிவந்து, நான்கு மூங்கிற் கழிகளில் தொய்வாகப் போர்த்திவிட்டேன். வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன். மார்கழி மாதத்தில் ஒரு விடியற்காலை, கொல்லையில் சிறகடிக்கும் ஓசை கேட்டு ஓடினேன். பெண்மயில் ஒன்று வலையில் காலும் கழுத்தும் சிக்கிக் கிடந்தது. அது துடிக்கத் துடிக்க இழைகள் இறுகின. கண்ணுக்குத் தெரியாத அந்த நைலான் இழை, கத்தியைப்போல் அதன் காலை அறுத்திருந்தது. அடுத்த வீட்டு ஆச்சி விளக்கையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்தார்கள். ஒரு துணியை அதன் தலைமேல் போர்த்தி, நான் பறவையைப் பிடித்துக்கொள்ள, அவர்கள் இழை இழையாக வெட்டினார்கள். அது நொண்டியபடி வேலியோரம் சென்று, சற்று நின்று, பறந்துபோயிற்று.

ஆச்சி வலையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, மயிலை அடைக்கவா வலை போட்டாய், செடியை அடைக்கவா?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. நான் போட்டது காவல் அன்று, கண்ணி. தொய்வான வலை எதையும் தடுப்பதில்லை, வந்ததைப் பிடித்துக்கொள்ளும். பறவையை மட்டுமன்று, எலியைத் தேடிவரும் சாரைப்பாம்பையும் அது பிடிக்கும். காவல் ஆகவேண்டுமானால் வலை விறைப்பாக நிற்கவேண்டும். வலை விறைப்பாக நிற்க, அதைத் தாங்கும் சட்டம் உறுதியாக இருக்கவேண்டும். அன்று மாலை வளவில் அமர்ந்து மேலே நோக்கியபோதுதான், நூறாண்டுக் காலமாகத் தலைக்குமேல் இருந்த பாடம் எனக்குப் புரிந்தது.

செடிக்குக் கூடு கட்டுவது புதிய செய்தியன்று. உரோமப் பேரரசன் டைபீரியஸ், கி.பி. முதல் நூற்றாண்டில், நாள்தோறும் தன் உணவில் வெள்ளரி வேண்டுமென்று விரும்பினானாம். அதற்காகத் தோட்டக்காரர்கள் சக்கரம் பூட்டிய பாத்திகளில் வெள்ளரியை வளர்த்து, குளிர்நாட்களில் ஒளி ஊடுருவும் கல்தகடுகள் பதித்த சட்டங்களுக்குள் வைத்தார்கள் என்று பிளினி என்னும் அறிஞர் எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள் கண்ணாடி மணிகளைச் செடிகளின்மேல் கவிழ்த்து வைத்தார்கள். அவர்களுக்குப் பகை குளிர். நமக்கோ வெயிலும் விலங்கும். ஆகையால் நம் கூடு கண்ணாடியால் மூடப்படாமல் காற்றோட்டமாக இருக்கவேண்டும். நம் பந்தலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்குக் கல்தூண் நட்டு இரும்புக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டிருப்பதை நேயர்களிற் பலர் கண்டிருக்கலாம்.

கல்தூண் நிலையானது, ஆனால் வீட்டுக் கொல்லைக்கு அது பெருஞ்சுமை. மூங்கிலும் சவுக்கும் மலிவானவை; எனினும் எங்கள் செம்மண்ணில் கறையான் அவற்றை அதிகநாள் விட்டுவைப்பதில்லை. இரும்புக் குழாய் கறையானுக்கு இரையாவதில்லை. ஒரே எடையுள்ள கம்பியைக் காட்டிலும் குழாய் எளிதில் வளையாது. உள்ளே வெற்றிடமாக இருப்பதே அதன் வலிமை. மூங்கிலுக்கும் நெற்றாளுக்கும் இயற்கை அளித்திருக்கும் அமைப்பும் இதுதான். தண்ணீர்க் குழாய்க்கென விற்கப்படும் துத்தநாகம் பூசிய குழாய் 20 அடி நீளத்தில் கிடைக்கிறது. கனத்தை ஒட்டி மூன்று வகை உண்டு. மஞ்சள் பட்டையிட்டது மெல்லியது. நீலப் பட்டை நடுத்தரம். சிவப்புப் பட்டை கனமானது. பாத்திக் கூட்டுக்கு மஞ்சளே போதும்.

முதலில் பாத்தியின் அகலத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இருபுறமிருந்தும் கை எட்டவேண்டுமாதலால் 4 அடியே தக்கது. நீளம் 12 அடி என்று வைத்துக்கொள்வோம். கீரை, முள்ளங்கி, நாற்று ஆகியவற்றுக்கு உயரம் வேண்டாம். அவற்றுக்கு வளைவுக் கூடு ஏற்றது. அரை அங்குலக் குழாய் ஒன்றை இரண்டாக வெட்டினால் 10 அடித் துண்டுகள் இரண்டு கிடைக்கும். அதை 4 அடி அகலமுள்ள அரைவட்டமாக வளைத்தால், வளைவுக்கு ஏறக்குறைய 6 அடி 3 அங்குலம் செலவாகும். மிச்சம் இருபுறமும் 1 அடி 10 அங்குலக் கால்களாக நிற்கும். அதில் ஓரடி மண்ணுக்குள் போய்விட, கூட்டின் நடு உயரம் 3 அடிக்குச் சற்றுக் குறைவாக அமையும். நான்கு அடிக்கு ஒரு வளைவு என நான்கு வளைவுகளும், அவற்றின் முகட்டை இணைக்க ஒரு நீளக் குழாயுமாக, மூன்று குழாய்களில் ஒரு பாத்தி முடிந்துவிடும்.

குழாயை வளைக்கும்போது அது நசுங்கிவிடும் என்று அஞ்சவேண்டாம். உலர்ந்த மணலை உள்ளே நன்கு தட்டி நிரப்பி, இருமுனையையும் மரக்கட்டையால் அடைத்துவிட்டு, அரைவட்டமாகத் தரையில் அடித்த வலுவான முளைகளைச் சுற்றிச் சிறிது சிறிதாக வளைக்கவேண்டும். குழாயின் நெடுகச் செல்லும் பற்றவைத்த தையல், வளைவின் உட்புறத்திலோ வெளிப்புறத்திலோ வராமல் பக்கவாட்டில் இருக்கட்டும். வெளிப்புறம் நீளும், உட்புறம் சுருங்கும், பக்கம் இரண்டுக்கும் ஆளாவதில்லை. வளைப்பதற்காகக் குழாயை நெருப்பில் வாட்டலாகாது. துத்தநாகம் ஏறக்குறைய 420 பாகை வெப்பத்தில் உருகிவிடும். பூச்சு போனபின் குழாய்க்குக் காவல் இல்லை.

எங்கள் மண்ணில் வளைவின் காலை நேரே அடித்து இறக்க முயன்றால் கால்தான் கோணும். ஆகவே, ஒரு அங்குலக் குழாயை ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது அவற்றை முதலில் இறக்கிவிடுவேன். வளைவின் கால்கள் அவ்வுறைகளுக்குள் செருகி நிற்கும். பாத்தியைக் கொத்த வேண்டிய காலத்தில் கூட்டைத் தூக்கி அப்பால் வைத்துவிடலாம்.

கத்தரி, மிளகாய், வெண்டை, கொடிவகைகள் ஆகியவற்றுக்கு ஆள் குனிந்து நுழையுமளவு உயரமான சட்டம் வேண்டும். இதிலே நான் ஒரு தவறு செய்தேன். முக்கால் அங்குலக் குழாய்களை மரையிட்டு, எல்போக்களால் இணைத்து, மேலே ஒரு நீள்சதுரம் அமைக்கத் தொடங்கினேன். மூன்று பக்கம் முடிந்தது. நான்காம் பக்கம் முடியவில்லை. ஒரு முனையைத் திருகி இறுக்கினால், மறுமுனை தளர்ந்தது! மூடிய சதுரத்தை மரையால் இணைக்க வேண்டுமானால் எங்கேனும் ஓரிடத்தில் யூனியன் வைக்கவேண்டும் என்பதைக் குழாய் வேலை செய்பவர் ஒருவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். பின்னர் அவரே எளிய வழியையும் காட்டினார். கவிழ்த்து வைத்த 'ப' என்னும் எழுத்தைப்போல, இரண்டு கால்களும் ஒரு குறுக்குக் குழாயுமாக மூன்று நிலைகள் செய்துகொள்ள வேண்டும். கால் ஒவ்வொன்றும் ஆறரை அடி. அதில் ஒன்றரை அடி குழிக்குள் போகும். குறுக்கு 4 அடி. ஆக 17 அடி. ஒரு நிலைக்கு ஒரு குழாய். ஆறு அடிக்கு ஒன்றாக மூன்று நிலைகளையும் நட்டு, மேலே இருபுறமும் கீழே இருபுறமும் 12 அடிக் குழாய்கள் நான்கைக் கிளாம்புகளால் முடுக்கினால் சட்டம் முடிந்தது. மொத்தம் ஏழு குழாய்கள். நான்கு நீளக் குழாய்களில் மீந்த 8 அடித் துண்டுகள் கதவுக்கும் மூலைவிட்டத்துக்கும் ஆகும்.

மூலைவிட்டத்தை மறந்துவிடாதீர்கள். ஆடிக்காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். நாற்கோணச் சட்டம் காற்றில் சாய்சதுரமாக ஆடத்தான் செய்யும், முக்கோணம் ஆடாது. இருபுறமும் ஒவ்வொரு துண்டைக் கோணலாகக் குறுக்கே கட்டிவிட்டால் கூடு அசையாமல் நிற்கும்.

அடுத்தது வலை. மயிலுக்கும் குரங்குக்கும் ஆட்டுக்கும் ஓரங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த இரும்புவலை போதும். அணிலையும் எலியையும் தடுக்க வேண்டுமானால் அரை அங்குலக் கண் வேண்டும். வலையின் அடிப்பகுதியை ஓரடி ஆழத்துக்குப் புதைக்கவும் வேண்டும். எவ்வகையாயினும் விரலால் தட்டினால் அதிரும்படி இறுக்கமாக இழுத்துக் கட்டுங்கள். சிக்கிக்கொள்ள மடிப்பு இல்லையென்றால் பறவை அலகால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

எதைத் தடுப்பது என்று எண்ணும்போதே எதை உள்ளே விடுவது என்பதையும் எண்ணவேண்டும். பூச்சிக்கு அஞ்சி, கொசுவலையைப்போன்ற நுண்வலையால் எல்லாவற்றையும் மூடிவிட்டு, பிறகு "பூக்கிறது, காய்க்கவில்லை" என்று வருந்துவோர் உண்டு. புடலை, பீர்க்கு, பாகல் ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. வண்டோ தேனீயோ வராவிடில் காயில்லை. கத்தரிப் பூவின் மகரந்தம், பெரிய கருந்தேனீ வந்து அமர்ந்து ரீங்காரமிட்டு அதிர்த்தால் நன்றாக உதிரும். ஓரங்குலக் கண் அவற்றுக்கு வழிவிடுகிறது. அரை அங்குலவலை இட்டவர்கள், பூக்கும் காலத்தில் கூட்டின் மேற்பக்கத்தை ஓரளவு திறந்துவைக்கலாம். அல்லது ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின்மேல் தாமே தடவலாம். பாகலுக்குக் காலையும், பீர்க்குக்கு மாலையும் ஏற்ற வேளை.

கோடையில் இதே சட்டத்தின்மேல் நிழல்வலையை விரிக்கலாம். பாதி வெயிலைத் தடுக்கும் வலை கீரைக்கும் நாற்றுக்கும் நல்லது. காய்க்கும் செடிகளுக்கு அவ்வளவு நிழல் ஆகாது; மேற்குப் பக்கத்தில் மட்டும் தொங்கவிட்டுப் பிற்பகல் வெயிலைத் தடுத்தால் போதும். புரட்டாசி முடிவதற்குள் அதைச் சுருட்டி உள்ளே வைத்துவிட வேண்டும். கொடி ஏறும் குழாய்களில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிவிடுங்கள். சித்திரை வெயிலில் காய்ந்த இரும்பைத் தொட்டால் இளங்கொடி கருகிவிடும்.

இனி, இரும்பின் தீராப் பகையாகிய துருவைப்பற்றிச் சொல்லவேண்டும். இதைச் சொல்லக் காரைக்குடிக்காரனுக்கு ஓர் உரிமை உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. உலோகம் அரிக்கப்படுவதும் அதைத் தடுப்பதும் அந்நிலையத்தின் முக்கிய ஆய்வுத்துறைகளுள் ஒன்று. மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை உப்புக்காற்றில் வைத்துச் சோதிக்கும் இடமும் அதற்கு உண்டு.

துரு என்பது ஒரு சிறு மின்கல வேலை. ஈரம் பட்ட இரும்பில், காற்று குறைவாகப் படும் இடம் கரைகிறது. காற்று மிகுதியாகப் படும் இடம் பிழைத்துக்கொள்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே நுண்ணிய மின்னோட்டம் நடக்கிறது. ஆகையால்தான், மண்ணில் நட்ட குழாய் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒடிகிறது. நான் முதலில், விலை குறைவென்று, பூச்சில்லாத கறுப்புக் குழாயை வாங்கி வண்ணம் தீட்டி நட்ட சட்டம், நான்காம் ஆண்டு மழையில் சரியாக அந்த இடத்தில் ஒடிந்து சாய்ந்தது. மேலே குழாய் புதியதுபோல் இருந்தது!

துத்தநாகப் பூச்சின் பெருமை இங்கேதான் விளங்கும். உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்கு சோரெல் என்னும் பிரெஞ்சுக்காரர் 1837-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். வண்ணம் இரும்பை மூடி மட்டுமே காக்கும். கீறல் விழுந்தால் காவல் போயிற்று. துத்தநாகமோ இரும்பைவிட விரைவில் கரையும் இயல்புடையது. கீறல் விழுந்த இடத்திலும் அது தான் முன்னே கரைந்து, இரும்பைக் கரையவிடாமல் நிறுத்துகிறது. வீட்டில் மூத்தவர் தாம் தேய்ந்து இளையவரை நிலைநிறுத்துவதைப் போன்றது இது.

எனினும், வெட்டிய முனையிலும் மரையிலும் பூச்சு இராது. அவ்விடங்களில் துத்தநாகம் மிகுந்த வண்ணத்தை இருமுறை பூசவேண்டும். காலை நடும் குழியைக் கான்கிரீட்டால் நிரப்பி, அதைத் தரைக்குமேல் இரண்டங்குலம் உயர்த்தி, நீர் தேங்காதபடி குழாயைச் சுற்றிச் சரிவாக மெழுகிவிட வேண்டும். திறந்த முனைகளை மூடியால் அடைத்தால் மழைநீர் உள்ளே இறங்காது. எருக்குவியலைக் கால்மேல் சாய்க்கவேண்டாம். அதன் உப்பும் ஈரமும் பூச்சை அரிக்கும். செம்புக் கம்பியால் வலையைக் கட்டுவதும், மயில்துத்தம் கலந்த மருந்தைத் தெளித்துவிட்டுக் கழுவாமல் விடுவதும் கூடா. செம்பு அருகே வந்தால் துத்தநாகம் மேலும் விரைந்து கரையும். பட்டறையில் பூச்சுள்ள குழாயை வெல்டிங் செய்யச் சொல்வதானால், சேருமிடத்தில் பூச்சை முதலில் அராவி நீக்கச் சொல்லுங்கள். அது எரிந்தெழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். நம் கத்தரிக்காய்க்காக மற்றொருவர் காய்ச்சலில் படுப்பது நியாயமன்று.

இவ்வளவும் ஒரே நாளில் செய்யவேண்டியதில்லை. மூன்று குழாய்களில் ஒரு வளைவுக்கூட்டை முதலில் செய்து, ஒரு கீரைப் பாத்தியை மட்டும் காத்துப் பாருங்கள். அந்தக் கீரை உங்கள் வீட்டுக் குழம்பில் சேரும் நாளில், அடுத்த கூட்டுக்கு வேண்டிய ஊக்கம் தானே வரும்.

என் கொல்லையில் இப்போது நான்கு கூடுகள் நிற்கின்றன. கூட்டுக்கு வெளியே, கைபிடித் தானியமும் ஒரு மண்சட்டித் தண்ணீரும் வைக்கிறேன். மயில்கள் முன்போலவே விடியற்காலையில் வருகின்றன. அவற்றுள் ஒரு பெண்மயில் சற்றே காலைச் சாய்த்து நடக்கிறது. அதுதான் அன்று சிக்கியதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆச்சிக்கு ஐயமே இல்லை. "அதுதான் தம்பி, கணக்குப் பார்க்க வந்திருக்கிறது" என்கிறார்கள். அது வலையருகே வந்து, உள்ளே காய்த்துத் தொங்கும் கத்தரிகளை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, தானியத்தைக் கொத்தப் போய்விடுகிறது. நானும் கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, அன்றைய காயைப் பறிக்கிறேன்.